சர்வதேச உறவுக் கோட்பாடுகள்: வென்ட் புரியவில்லை, உதவுங்கள்

வணக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், எம்.ஏ. முதல் வருடம். நாடுகளுக்கு மேலே அதட்டிக் கேட்க ஆளில்லை, அதனால் ஒவ்வொன்றும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று சர்வதேச உறவு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979-ல் சொன்னது புரிகிறது. எங்கள் வயலுக்குத் தமிழ்நாடு-கேரளா 1970 ஒப்பந்தப்படி வரும் ஆழியாற்றுத் தண்ணீரை வைத்து அதைத் தம்பிக்கு விளக்கப் பார்த்தேன், ஆனால் இரண்டு மாநிலத்துக்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறதே, உதாரணம் அங்கேயே உடைந்துவிட்டது.

அப்புறம் அலெக்சாண்டர் வென்ட், இதே துறையின் இன்னொரு அறிஞர். அமெரிக்கா பிரிட்டனின் அணுகுண்டுக்குப் பயப்படாமல் வட கொரியாவுடையதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறது என்று கேட்கிறார், அருமையான கேள்வி. ஆனால் நட்பு, பகை என்ற அந்த எண்ணம் முதலில் எப்படி உருவாகிறது? என் நோட்டில் ஸ்ட்ரக்சுரலிசம் (அமைப்புதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பது), கன்ஸ்ட்ரக்டிவிசம் (எண்ணங்கள்தான் உறவுகளை உருவாக்குகின்றன என்னும் வென்ட்டின் பார்வை) இரண்டுக்குமே 'கட்டமைப்புவாதம்' என்றிருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. நீங்கள் என்ன சொல் பயன்படுத்துகிறீர்கள்? படித்தவர்கள் ஒரு நல்ல உதாரணத்தோடு தமிழிலேயே விளக்கினால் பெரிய உதவி.