மசூர்கா மாலைக்கு நிகழ்ச்சி வரிசை: பியானோ தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். 30 பேர் அமரும் வீட்டுக் கூடத்தில், இடைவேளை இல்லாமல் ஒரு மணி நேரம் மசூர்கா, பொலொனேஸ் என்ற மூன்றடித் தாளப் போலந்து நடனங்கள் மட்டுமே. இதுவரை முடிவானவை: தொடக்கத்துக்கு ஓகின்ஸ்கியின் ஏ மைனர் பொலொனேஸ், மரியா ஷிமனோவ்ஸ்காவின் இரண்டு குட்டி மசூர்காக்கள், ஷோபானின் ஓபஸ் (படைப்பு எண்) 26 எண் 1 பொலொனேஸ், அவருடைய மசூர்காக்களில் ஓபஸ் 24 முழுவதும், ஓபஸ் 17 எண் 4, ஸ்க்ரியாபின் ஓபஸ் 3-இல் மூன்று, கடைசியில் கரோல் ஷிமனோவ்ஸ்கியின் ஓபஸ் 50-இல் இரண்டு. ஷோபானின் முழக்கமான பொலொனேஸ் ஓபஸ் 53 வேண்டாம். அவ்வளவு சிறிய அறையில் அது காதை அடைத்துவிடும்.

சிக்கல் ஓபஸ் 17 எண் 4-இல்தான். அது ஏ மைனரில் வந்து அமராமல், தொடங்கிய அதே ஏ-சி-எஃப் சுரக்கூட்டிலேயே கரைந்து போகிறது. உடனே கைதட்டல் விழுந்தால் எல்லாம் போச்சு. ஸ்க்ரியாபினை முன்னால் நகர்த்திவிட்டு, நிறுத்தாமல் நேரே ஷிமனோவ்ஸ்கிக்குப் போகலாமா, அல்லது அதையே கடைசியாக வைப்பதா?

இன்னொன்று, ஷோபானின் மசூர்கா ஓபஸ் 68 எண் 3-ஐச் சேர்க்க ஆசை. அதன் நடுப்பகுதியில் இடக்கை பி ஃபிளாட்-எஃப் என்ற ஒரே சுருதியைப் பிடித்திருக்க, மேலே இ நேச்சுரல் ஒலிக்கும். கிராமத்து ஓபெரெக் (வேகமாகச் சுழலும் போலந்து நடனம்) வாசனையே அந்த ஒரு சுரத்தில்தான். பெடலை முழுதாக மிதித்தால் மெட்டு குழம்புகிறது, எடுத்தால் சுருதி அறுந்துவிடுகிறது. அரைப் பெடலா, விரலாலேயே பிடிப்பதா?

மசூர்காவில் இரண்டாம், மூன்றாம் அடிகளின் அழுத்தத்தை எங்கெங்கே மாற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். எல்லாச் சந்தத்திலும் ஒரே இடத்தில் தட்டினால் இயந்திரம், விட்டுவிட்டால் வால்ட்ஸ். கிராண்ட் பியானோ மூடியைக் குட்டைக் குச்சியில் நிறுத்தினால் போதுமா?