குடும்பக் குழுவில் பழைய ஜிடிஐ-யின் சஸ்பென்ஷன்

சனிக்கிழமை, காலை

நான்: அனைவருக்கும் வணக்கம். மாமா, உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. என் 2007 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் சஸ்பென்ஷன் (சக்கரங்களுக்கும் வண்டிக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் அமைப்பு) வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒலிக்கிறது, பிரேக் மிதித்தால் மூக்கு தாழ்கிறது, வளைவில் சாய்ந்த வண்டி நிமிர்ந்த பிறகும் ஒருமுறை ஆடித்தான் அடங்குகிறது. பணம் அளவாகத்தான் இருக்கிறது, தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான். எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லுங்கள்.

அத்தான்: தம்பி, காயில்ஓவர் போட்டுவிடு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரே செட்டாக வந்துவிடும், உயரத்தையும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இப்போது விலை குறைந்த செட்டுகளும் கிடைக்கின்றன.

அம்மா: எதைப் போட்டாலும் சரி, பின் இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள் நான் என்பதை மறந்துவிடாதீர்கள். வண்டி கல்லாகிவிட்டால் என் இடுப்பு தாங்காது.

மாமா: மருமகனே, வாங்குவதற்கு முன் தேய்ந்தது எது என்று பார்க்க வேண்டும். நீ சொல்லும் மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நான் நினைக்கவில்லை. அடங்காமல் ஆடுவது ஷாக் அப்சார்பரின் வேலை கெட்டதைக் காட்டுகிறது. ‘டொக்’ சத்தம் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) பின் புஷ்ஷிலிருந்தோ (மூட்டிலுள்ள ரப்பர்), ஸ்டெபிலைசர் பாரை (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) இணைக்கும் லிங்க்கிலிருந்தோ, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக நிற்கும் தூண்) மேல் மவுண்ட்டிலிருந்தோ வரலாம். புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருக்கும் வண்டியில் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கை மாட்டினாலும், பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து டோ அளவு (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறிக்கொண்டேதான் இருக்கும். முன் டயர்களின் உள் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்.

நான்: பார்த்தேன் மாமா. இடது டயரின் உள் விளிம்பு விரலில் வழுக்குகிறது, வெளி விளிம்பில் கோடுகள் நன்றாக இருக்கின்றன. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2317.

மாமா: 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். அதையும் மாற்றும் கணக்கில் சேர்த்துக்கொள். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த நான்கு உள்ளங்கை அகல ரப்பர்தான், அது இறுகிப்போன பிறகு சஸ்பென்ஷனுக்குச் செலவு செய்வதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. இப்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, ஷாக்கின் உடலில் டார்ச் அடித்துப் பார். மேலே லேசாக ஈரம் பூத்திருந்தால் பயமில்லை. எண்ணெய் கீழ் வரை வழிந்து அதன்மேல் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

நான்: வலது பக்கம் கறுப்பாக வழிந்திருக்கிறது மாமா. இடதில் ஈரம் மட்டும்தான்.

மாமா: அப்படியானாலும் ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் அவசரமாகத் திருப்பும்போது இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் வண்டி நடந்துகொள்ளும்.

அத்தான்: மாமா, அப்படியென்றால் எல்லாவற்றையும் பிரிக்கத்தானே போகிறோம்? அதோடு காயில்ஓவரையும் மாட்டிவிட்டால் கூலி ஒன்றுதானே?

மாமா: மாப்பிள்ளை, கூலி ஒன்றுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவான காயில்ஓவரில் நாம் பணம் கொடுப்பது உயரத்தைத் திருகும் வசதிக்கு. ஷாக்கின் உள்ளே இருக்கும் வால்வுக்கு அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மழையும் சேறும் படும் வண்டியில் அந்தத் திருகு மரைகள் துருப்பிடித்து இறுகிவிட்டால், பிறகு அந்த வசதியும் இருக்காது. இன்னொன்றையும் சொல்கிறேன். இந்த வண்டியின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். தொழிற்சாலையிலிருந்தே சாதாரண கோல்ஃபைவிட ஜிடிஐ 15 மி.மீ. தாழ்வாக வருகிறது. அதற்கும் கீழே அதிகமாக இறக்கினால் லோயர் ஆர்ம் வெளிமுனை மேல்நோக்கிச் சரிந்து நிற்கும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்கும் அளவைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நெம்புகோலைப் போலச் செயல்படுவதால், பார்வைக்குத் தாழ்ந்த வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய முனையும். அதை அடக்குவதற்காகவே ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்க வேண்டியிருக்கும், அந்தக் கடினம் முழுவதும் பின் இருக்கையில் வரும் என் அக்காவின் இடுப்பில்தான் போய் விழும்.

அக்கா: ஸ்பிரிங்கை மட்டும் 30 மி.மீ. தாழ்வானதாக மாற்றி, ஏற்கெனவே இருக்கும் பழைய ஷாக்கையே வைத்துக்கொள்கிறார்களே, அது எப்படி?

மாமா: அதை நான் என் பழைய வண்டியில் செய்து பார்த்திருக்கிறேன், பாப்பா. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கடினமான ஸ்பிரிங் திரும்பி நீளும் வேகத்தைத் தளர்ந்த ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதோடு ஷாக்கின் தண்டு எப்போதும் பாதிக்கும் கீழே அமுங்கியே இருந்ததால் சின்னப் பள்ளத்துக்குக்கூட பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுவதும் அமுங்காமல் தடுக்கும் கட்டை) போய் மோதியது. என் அப்பாவை மருத்துவமனைக்கு அந்த வண்டியில்தான் அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதனால்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஷாக் செய்யும் பில்ஸ்டீன் நிறுவனமே இதை வரிசை பிரித்துத்தான் விற்கிறது: பி4 தொழிற்சாலை அளவுக்கு நிகரானது, பி6 அதே உயரத்தில் இன்னும் இறுக்கமானது, பி8 தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகத் தண்டு குட்டையாக்கப்பட்டது.

அக்கா: அப்படியானால் ஷாக்கைத் தொழிற்சாலை அளவிலேயே வைத்துக்கொண்டு, சாய்வை மட்டும் குறைக்கும் வேலையைப் பின்பக்க ஸ்டெபிலைசர் பாரிடம் கொடுத்துவிடலாமே? முறுக்குக்கு எதிரான அதன் விறைப்பு விட்டத்தின் நான்காவது அடுக்கில் ஏறும். திடமான 20 மி.மீ. பாரை 22 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது பார் தன் புஷ்ஷுக்குள் வெறுமனே சுழலும், முறுக்காது. அதனால் அம்மாவுக்கும் அது தெரியாது.

மாமா: மிகச் சரியாகச் சொன்னாய். முன்சக்கர இழுவை வண்டியில் பின் பாரைத் தடிப்பாக்கினால், வளைவில் மூக்கு வெளியே ஓடும் பழக்கமும் குறையும். ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் விழும்போது மட்டும் கொஞ்சம் அதிர்வு கூடும். ஒரு அளவுக்கு மேல் தடிப்பாக்கினால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கத் தயாராகிவிடும் என்பதால் ஒரு படி மட்டும் ஏற்றினால் போதும். என்னைக் கேட்டால், அளவான பணத்தில் தினசரி வண்டிக்கு இதைவிட நல்ல மாற்றம் இல்லை.

நான்: அப்படியே செய்கிறேன் மாமா. பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, நான்கு ஷாக், மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், லோயர் ஆர்ம் புஷ், லிங்க், பின் பார் ஆகியவற்றை இன்றே சொல்லிவிடட்டுமா?

மாமா: அவசரப்படாதே. இந்த வண்டிகளில் ஸ்ட்ரட்டின் கீழ் விட்டம் 50 மி.மீ., 55 மி.மீ. என்று இரண்டு அளவுகளில் வரும். தப்பாக வாங்கினால் நக்கிளில் (சக்கரத்தையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் பகுதி) பொருந்தாது, அளந்த பிறகே சொல். இன்னொரு அளவும் எனக்கு வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேராக அளந்து எழுதி வை. புதிய புஷ்ஷை மாட்டும்போது சக்கரம் காற்றில் தொங்கியபடி போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ஜாக்கியால் ஆர்மை இந்த அளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

அம்மா: மாமா சொன்னபடி செய், அவசரப்படாதே.

நான்: அளந்துவிட்டேன். ஸ்ட்ரட் 55 மி.மீ. பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஆனால் முன்னால் வலது 362, இடது 350. இரண்டு முறை அளந்தும் அதே எண்தான் வருகிறது.

மாமா: 12 மி.மீ. வித்தியாசம் ஷாக்கால் வராது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். காற்று எல்லா டயரிலும் சரியாக இருக்கிறதா?

நான்: இருக்கிறது மாமா.

மாமா: இடது ஸ்ட்ரட்டின் அடித்தட்டில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று எப்படி முடிகிறது என்று படம் எடுத்துப் போடு. சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பார்.

நான்: 📷 படம்

அக்கா: நுனி வெட்டினாற்போல் இருக்கிறதே!

மாமா: உடைந்திருக்கிறது. வெட்டு முகத்தில் துரு ஏறியிருப்பதால் இன்று நேற்று உடைந்ததல்ல. வண்டி இவ்வளவு நாள் ‘டொக்’ என்று சொன்னதும் இதனால் இருக்கலாம். மருமகனே, இனி அந்த வண்டியை எடுக்காதே. உடைந்த முனை தட்டிலிருந்து நழுவினால் நேராக டயரைக் கிழிக்கும். முன் ஸ்பிரிங் இரண்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள், ஜிடிஐ-க்கு உரிய தொழிற்சாலை உயரத்திலேயே வாங்கு.

அத்தான்: திங்களன்று என் வண்டியை எடுத்துக்கொண்டு போ, தம்பி. காயில்ஓவர் பேச்சை நான் விட்டுவிட்டேன்.

நான்: மிக்க நன்றி அத்தான். மாமா, ஸ்பிரிங்கை நானே கழற்றலாமா?

மாமா: கூடவே கூடாது. கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை இறுக்காமல் மேல் நட்டைத் தொட்டால் அது முகத்தில் வந்து பாயும். சாமான் வந்ததும் சொல், நான் கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு வருகிறேன். புதிய டயரை அதற்கு முன்பே மாட்டி வை. இரண்டு வேலையும் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.