ஏற்காடு ஏற்றம்: அரை கிலோ குறைக்க 45,000 ரூபாய் தகுமா?

அஸ்தம்பட்டி ரைடர்:
என்னுடையது அலுமினிய பிரேம் சைக்கிள், ரிம் பிரேக் (சக்கர விளிம்பையே பிடிப்பது), பின்னால் 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு). வண்டி பத்தரை கிலோ, நான் 74 கிலோ. ஞாயிறு தவறாமல் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கூட வருபவர் எட்டு கிலோ கார்பன் வண்டியில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கண்ணில் படாமல் போய்விடுகிறார். கார்பன் வீல்செட் (சக்கர ஜோடி) போட்டால் அரை கிலோ குறையும், 45,000 ஆகும் என்கிறார் கடைக்காரர். சக்கரத்தில் குறைத்தால் பலன் இரண்டு மடங்காம். வாங்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

காலை சவாரி:
வாங்குங்க பாஸ். மிதித்தவுடன் வண்டி துள்ளும் பாருங்க, அதுக்கே காசு தகும்.

பழைய ஸ்பேனர்:
துள்ளும், மறுக்கவில்லை. ஆனால் தம்பி கேட்டது ஏற்காட்டுக்கு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மொத்த ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 9,800 ஜூல் வேண்டும், அரை கிலோவுக்கு 4,900. நீங்கள் 180 வாட்டில் மிதிப்பவர் என்றால் மிச்சம் 27 விநாடி. நண்பருடைய இரண்டரை கிலோ வித்தியாசத்துக்கே இரண்டேகால் நிமிடம்தான் வருகிறது. மூன்றாவது வளைவிலேயே மறைகிறார் என்றால் அது வண்டி இல்லை, கால்!

இரண்டு மடங்குக் கதை வேகம் கூட்டும்போது மட்டும்தான். ரிம் எடையை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், அதனால் அப்படி. மலையில் மணிக்கு 12, 13 கிலோமீட்டரில் சீராக ஊரும்போது ரிம்மில் இருக்கும் 100 கிராமும் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் இருக்கும் 100 கிராமும் ஒன்றுதான்.

வண்டியோடு வந்த கம்பி விளிம்பு டயரா? அதைக் கழற்றிவிட்டு விளிம்பில் கம்பி இல்லாத நல்ல மடக்கு டயர் ஒரு ஜோடி போடுங்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் குறையும். அதைவிட முக்கியம், உருளும்போது இழுவை குறையும். அது சமதளத்திலும் உதவும். அப்புறம், இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் ஒன்றரை கிலோ. விடியுமுன் கிளம்பினால் ஒன்று போதும். முக்கால் கிலோ, பைசா செலவில்லை.

நைட் ஷிஃப்ட்:
இறக்கத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் கார்பன் ரிம்மில் சூடு தேங்கும், அலுமினியம் போலச் சட்டென்று ஆறாது. பாதி மலையில் டியூப் வெடித்ததை நேரில் பார்த்தவன் நான். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் இந்தக் கவலை இல்லை. மெல்லிய டிபியு டியூப் (ரப்பருக்குப் பதில் ஒரு வகை பிளாஸ்டிக்) வாங்கினாலும் ரிம் பிரேக்குக்கு ஏற்றதுதானா என்று டப்பாவில் பாருங்கள்.

எனக்கு எடை குறைந்த வண்டியால் முழுப் பலன் கிடைப்பது வீட்டுப் படிக்கட்டில். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

அஸ்தம்பட்டி ரைடர்:
சரி, வீல்செட்டை விட்டாச்சு. 28 பல்லில் கடைசி வளைவுகளை எழுந்து நின்றுதான் மிதிக்கிறேன். 34 பல் கேசட் போட்டால் பின் டிரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எடுக்குமா?

பழைய ஸ்பேனர்:
முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டிரெய்லரின் கூண்டு (சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) குட்டையாக இருந்தால் பெரும்பாலும் எடுக்காது, நீளக் கூண்டு உள்ளதாக மாற்ற வேண்டும். சங்கிலியும் நீளமாகத் தேவைப்படலாம். மாடல் எண் டிரெய்லரின் உள்பக்கம் பொறித்திருக்கும். துடைத்துவிட்டு ஒரு போட்டோ போடுங்கள்.