ஜாக்ஸ்பி: இடம்பெறாத உறுப்பையும் ‘நில்’ உறுப்பையும் வேறுபடுத்துவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

ஜாவா 17-இல் ஒரு சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) சேவைக்கான கிளையண்ட் எழுதி வருகிறேன். ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல்-ஆகவும் எக்ஸ்எம்எல்-ஐ ஜாவா பொருள்களாகவும் மாற்றும் ஜாக்ஸ்பி, 11-ஆம் பதிப்பிலிருந்து ஜேடிகே-யுடன் (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) வருவதில்லை என்பதால் அதைத் தனியாகச் சேர்த்துவிட்டேன். அதில் சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்கும் செய்தியில்தான் சிக்கல். சேவையின் விதிப்படி, தொலைபேசி எண்ணுக்கான உறுப்பு செய்தியில் இடம்பெறாவிட்டால் பழைய எண் அப்படியே இருக்கும். ‘மதிப்பு இல்லை’ எனக் குறிக்கும் ‘எக்ஸ்எஸ்ஐ:நில்’ என்ற பண்புடன் வந்தால் எண் அழிக்கப்படும்.

செய்தியின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவில் அவ்வுறுப்புக்கு மின்அக்கர்ஸ் 0 (இடம்பெறாமலும் இருக்கலாம்) என்றும் நில்லபிள் ட்ரூ (‘நில்’ ஆகவும் இருக்கலாம்) என்றும் இருப்பதால், ஸ்கீமாவிலிருந்து ஜாவா வகுப்புகளை உருவாக்கும் எக்ஸ்ஜேசி கருவி அதை வெறும் ஸ்ட்ரிங்காக உருவாக்காமல் ஜாக்ஸ்பி-எலிமென்ட் உறைக்குள் வைக்கிறது. ஒவ்வொரு புலத்துக்கும் அந்த உறையை உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்-ஃபேக்டரியை அழைத்து அழைத்து, நிரலைப் படிக்கவே சகிக்கவில்லை. எக்ஸ்ஜேசி எப்படி உருவாக்க வேண்டும் எனச் சொல்லும் பைண்டிங் கோப்பில் ‘ஜெனரேட்-எலிமென்ட்-ப்ராப்பர்ட்டி’யை ஃபால்ஸ் ஆக்கினால் ஸ்ட்ரிங் கிடைக்கிறது, ஆனால் ஜாவாவில் ‘நல்’ மதிப்புள்ள (அதாவது மதிப்பு தரப்படாத) புலம் எப்போதும் ‘நில்’ என்றே எழுதப்படுவதால், நான் தொடாத எண்ணும் அழிந்துவிடும்.

உறையை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே எளிய கெட்டர், செட்டர்களைத் தானாக உருவாக்கும் எக்ஸ்ஜேசி ப்ளக்இன் எதையேனும் பயன்படுத்தியிருக்கிறீர்களா? எக்ஸ்எம்எல் அடாப்டர் (மதிப்பை இடையில் மாற்றித் தரும் வகுப்பு) கொண்டே இவ்வேறுபாட்டைக் காக்க முடியுமா? ஸ்கீமா எதிர்த்தரப்பினுடையது என்பதால் அதை மாற்ற எனக்கு வழியில்லை. மாதிரி நிரல் இருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.