ரேடியேட்டருக்கு ஒரு தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருவாரூரிலிருந்து, பயிற்சி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். மெக்கானிக் பயிற்சிக்கு வரும் பையன்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நம் பையன்கள் சிலர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அணிகளோடு வேலைக்குப் போகிறார்கள். அதனால் தடத்தில் ஓட்டும் காருக்கு மாற்று ரேடியேட்டர் (எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் சூட்டைக் காற்றில் விடும் பெட்டி) தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தேன். விஷயம் எழுதியாகிவிட்டது, சொற்களில்தான் நிற்கிறேன்.

சாரம் இதுதான். சாலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது எப்போதோ சில நொடி. தடத்தில் சுற்றுக்குச் சுற்று அதே மிதிதான், எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் வழியாக வெளியேறியாக வேண்டும். காரோடு வரும் ரேடியேட்டரில் பெரும்பாலும் நடுவில் அலுமினியக் கோர், அதாவது நீர்க் குழாய்களும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, இடையில் ரப்பர் வைத்து உலோக விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு வயதானால் விரிசல் விடும், இல்லாவிட்டால் அந்த மடிப்பில் கசியும். தடத்துக்கு விரும்பி வாங்குவது தொட்டியும் அலுமினியமாய்ப் பற்றவைத்த வகை.

இப்போதைக்கு ரேடியேட்டரைக் கதிர்வீசி என்றும், கோரை உள்ளகம் என்றும், அதில் மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய தகட்டைத் துடுப்பு என்றும் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த பையன் ஒருவன் "எக்ஸ்ரே மெஷினா சார்?" என்று கேட்டான். உதவுங்கள்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, கதிர்வீசியை முதலில் எடுத்துவிடுங்கள். பழைய கலைச்சொல் பட்டியல்களில் இருப்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. நம் பக்கம் கதிர் என்றால் நெற்கதிர், கதிர்வீசி என்றால் களத்து மெஷின் என்றுதான் பையன் நினைப்பான். பொருளும் பொருந்தவில்லை. வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு என்று பள்ளியிலேயே மூன்று படித்திருக்கிறோம். இந்தப் பெட்டியில் பெரும்பங்கு சலனம்தான், ஓடும் காற்று சூட்டை வாரிக்கொண்டு போகிறது. ஆங்கிலப் பெயரே பொருந்தாத பெயர், அதைப் போய் நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

என் பரிந்துரை நீராற்றி. ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. காப்பி ஆறுகிறது, காப்பியை ஆற்றுகிறோம். எங்கள் ஊரில் டபராவும் டம்ளருமாக ஆற்றுகிறவர் சூடான திரவத்தை மெல்லிய தாரையாக்கிக் காற்றுக்குக் காட்டுகிறார், உங்கள் பெட்டியும் நீரை மெல்லிய குழாய்களில் பிரித்துக் காற்றுக்குக் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆறு என்பதற்கு வழி என்று பொருள், ஆற்றுப்படை நூல்கள் அத்தனைக்கும் பெயர் அப்படித்தான் வந்தது. நீருக்கு வழியும் காட்டி, சூட்டையும் ஆற்றுகிற கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா?

மன்னார்குடியிலிருந்து, பட்டறை:

ஐயாவுக்கு வணக்கம். கோபிக்காதீர்கள், என் பட்டறைக்கு நீராற்றி கேட்டு யாரும் வரமாட்டார்கள். பஸ்ஸும் சைக்கிளும் போல ரேடியேட்டரும் நம் வாய்க்குப் பழகிவிட்டது. பையன் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டாமா?

சொல்லை விட அத்தியாயத்தில் விட்டுப்போனதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தடிமனான கோர் வாங்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தடிமன் கூடினால் காற்று நுழைவது கஷ்டமாகும், பின் வரிசைக் குழாய்களுக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போய்ச் சேரும். இடம் இருந்தால் தடிமனை விட முகப்புப் பரப்பைக் கூட்டுவதுதான் லாபம். அதற்கும் முன்னால், பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்து எல்லாவற்றையும் தகடும் ஃபோமும் வைத்து அடைக்க வேண்டும். காற்று சுலபமான வழியில்தான் போகும், சந்து இருந்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் தகடுகளின் நெருக்கம். நெருக்கம் கூடினால் பரப்பு கூடும், ஆனால் அழுக்கும் சீக்கிரம் அடையும். குறுவை அறுப்பில் ஓடும் அறுவடை மெஷினின் ரேடியேட்டரைப் பையன்களுக்குக் காட்டுங்கள். சுணையும் பதரும் வைக்கோல் தூசும் அப்பி, தகடே கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்து ஊத வேண்டும், முன்னாலிருந்து ஊதினால் தூசு உள்ளே போய் இறுகிவிடும். காற்றை வேகமாக விட்டால் தகடு படுத்துக்கொள்ளும், படுத்ததை மெல்லிய பட்டையால் வரிசை வரிசையாக நிமிர்த்த வேண்டும். பந்தயத் தடத்தில் அதே வேலையை டயர்த் துணுக்கும் மணலும் செய்கின்றன.

துடுப்பு வேண்டாம், செதில் என்று போடுங்கள். மீனைத் தொட்டவனுக்கு உடனே புரியும்.

மயிலாடுதுறையிலிருந்து:

செதிலுக்கு என் வாக்கு. ஆனால் நீராற்றியில் காற்று எங்கே? இந்தக் கருவியில் பாதி வேலை அதனுடையது. "கால்" என்ற சொல்லை யாருமே எடுக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. காலுக்குக் காற்று என்றும் பொருள், நீரோடும் கால்வாய் என்றும் பொருள். வாய்க்கால் என்று தினமும் சொல்கிறோம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு "மான்கண் காலதர்" வருகிறது, கால் காற்று, அதர் வழி, மானின் கண் போன்ற சன்னல். அந்தப் புகார் எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். காற்றும் நீரும் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே கடக்கிற ஒரு கருவிக்கு, இரண்டையும் குறிக்கிற ஒரே சொல் நம்மிடம் இருக்கிறது. காலாற்றி என்று வைக்கலாம்.

கோருக்குக் கூடு பொருத்தம். 1901-இல் வந்த மெர்சிடீஸ் காருக்குப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்ததைத் தேன்கூட்டு ரேடியேட்டர் என்றுதான் சொல்கிறார்கள், ஆக அந்தச் சொல்லுக்கு வரலாறும் உண்டு.

தஞ்சாவூரிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்:

காலாற்றியைக் கேட்டால் கால் வலிக்கு ஒத்தடம் என்று நினைப்பார்கள், மன்னிக்கவும். நீராற்றியிலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பணியாற்றி, உரையாற்றி என்பவை வினையெச்சமாக நிற்கின்றன. "நீராற்றி மாற்றினான்" என்று எழுதினால் படிக்கிறவன் ஒரு கணம் தடுமாறுவான். வெப்ப அகற்றி என்று பிரித்தே எழுதிவிட்டால் என்ன?

கையேட்டுக்கு இரண்டு விஷயம். ரேடியேட்டரின் வாயை இறுக்கி உள்ளே அழுத்தத்தைக் கூட்டும் அழுத்த மூடி ரேடியேட்டரைக் குளிர்விக்காது, கொதிப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 1.1 பார் மூடி போட்டால் வெறும் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும். ஆனால் ஹோஸும் கிளிப்பும் பழையதாக இருந்தால் அந்த அழுத்தத்தை அவைதான் வாங்கும். அடுத்தது கூலன்ட், அதாவது உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவம். தண்ணீரின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல், உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 3.5தான், அதாவது சூட்டை வாங்கும் திறன் குறையும். கிளைகால் தடத்தில் கொட்டினால் வழுக்கும், துடைத்தாலும் எளிதில் போகாது. அதனால் பல பந்தயங்களில் அதற்குத் தடை உண்டு. தண்ணீரோடு துருத்தடுப்பு மருந்து மட்டும் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை ஊற்றினால் அலுமினியத்தை உப்பு தின்றுவிடும்.

கும்பகோணத்திலிருந்து:

வினையெச்சத் தடை நிற்காது. வழிகாட்டியும் அதே வடிவம்தான், "வழிகாட்டி மாற்றினான்" என்றால் யாராவது தடுமாறுகிறார்களா? வெப்ப அகற்றி தவறில்லை, ஆனால் எதிலிருந்து அகற்றுகிறது என்பதைச் சொல்லாது. நீராற்றியை ஏற்றால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. எஞ்சின் ஆயிலைக் குளிர்விப்பது எண்ணெயாற்றி, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது காற்றாற்றி. தடத்துக் காரின் முகப்பில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம் என்று தம்பியே போன மாதம் எழுதியிருந்தார். ஒரே சொல்லால் மூன்றையும் பிரித்துக் காட்ட முடியும் என்றால் அதை விடக் கூடாது.

திருவாரூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ரேடியேட்டர், முதல் பத்தியில் "தமிழில் நீராற்றி" என்று ஒரு வரி, அதன் பிறகு எண்ணெயாற்றி, காற்றாற்றி. செதில், கூடு, தொட்டி, அழுத்த மூடி உறுதி. மன்னார்குடி அண்ணன் சொன்னபடி காற்றுச் சந்து அடைப்பதைத் தனிப் பத்தியாக்கி, கோர் தடிமனுக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். நீர் ஒரு பக்கத் தொட்டியில் நுழைந்து நேராக மறுபக்கம் வெளியேறுவது ஒரு வகை. தொட்டிக்குள் தடுப்பு வைத்து மேல் பாதியில் போய்க் கீழ் பாதியில் திரும்ப வைப்பது இன்னொன்று. பின்னதில் நீரின் வேகம் கூடும், ஓட்டத்தடையும் பல மடங்கு கூடும், பம்ப் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒருபோக்கு, இருபோக்கு என்று போடட்டுமா?

மன்னார்குடியிலிருந்து:

போக்கு வேண்டாம் சார். அச்சுக் கோப்பவர் நம்ம ஊர்க்காரர், ஒருபோகம், இருபோகம் என்று திருத்திவிடுவார். நேர்ப்பாய்ச்சல், மடக்குப் பாய்ச்சல் என்று போடுங்கள். நீராற்றி விஷயத்தில் பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் பட்டறைப் பலகையில் ரேடியேட்டர்தான் இருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து:

பாய்ச்சல் சரி. ஆனால் மடக்கு என்றால் வாய்க்கால் மடங்குவது மட்டுமா, யாப்பில் சொல் மடங்கி வருவதும் மடக்குதானே, மடக்கணி என்று தனி அணியே இருக்கிறது. மீள்பாய்ச்சல் என்று வைத்தால் குழப்பம் வராது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, காலாற்றியையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.