மைனஸ் 10க்குக் கீழ போனால் பெடல் வெறுமனே சுத்துது, பின்சில்லில என்ன பிழை?

லில்லோமார்க்காக்காரன் (ஒஸ்லோ)

வணக்கம். அம்மருட் பக்கம் இருக்கிறன். வேலை முடிஞ்சு வந்து லில்லோமார்க்கா காட்டுக்குள்ள மவுண்டன் பைக் ஓடுறது வழக்கம். பனிக்காலத்திலயும் விடுறேல்லை. நாய் கொண்டு நடக்கிற சனம் மிதிச்சு இறுக்கின ஒற்றையடிப்பாதையில ஆணி ரயர் போட்டு ஓடினால் கோடையை விடச் சுகம்.

போன கிழமை மைனஸ் 14. வீட்டில இருந்து வெளிக்கிடேக்க ஒரு குறையும் இல்லை. அரை மணித்தியாலத்தால, ஸ்டைன்புறூவான் குளத்துக்கு மேல ஒரு ஏத்தம். எழும்பி நிண்டு மிதிக்க, பெடல் தடக்கெண்டு கீழ போய் முழங்கால் ஹாண்டில்ல அடிச்சுப்போட்டுது. பெடல் சுத்துது, செயின் ஓடுது, பின்பல்லுச்சக்கரமும் சேந்து சுத்துது. சில்லு மட்டும் அசையுதில்லை. இருட்டுக்குள்ள நாலு கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வந்தன்.

வீட்டுக்குள்ள வச்சு ஒரு மணித்தியாலத்தால பாத்தால் ஒண்டும் நடக்காத மாதிரி ஓடுது! கடையில குடுத்தன். ரெண்டு நாள் வச்சிருந்துபோட்டு "பிழை ஒண்டும் இல்லை" எண்டு 600 குரோனர் வாங்கினாங்கள். நேற்று மைனஸ் 11, திரும்ப அதே கூத்து. என்ன கோதாரியெண்டு விளங்கேல்லை. புதுச் சில்லு வாங்கச் சொல்லி ஒரு சிநேகிதன் நிக்கிறான். வாங்கத்தான் வேணுமோ?

றலிச்சைக்கிள் (ரொறன்ரோ)

தம்பி, காசைப் பொக்கற்றுக்குள்ள வையும். முதல்ல ஒண்டு சொல்லும். பள்ளத்தில பெடல் மிதிக்காமல் விடேக்க பின்சில்லு டிக் டிக்கெண்டு கத்துமெல்லே, அந்தச் சத்தம் அண்டைக்கு ஏத்தத்துக்கு முன்னம் கேட்டதோ?

லில்லோமார்க்காக்காரன்

நீங்கள் கேட்ட பிறகுதான் அண்ணை யோசிக்கிறன். வெளிக்கிடேக்க கேட்டது. குளத்தடிக்கு வரேக்க சைக்கிள் சத்தமே இல்லாமல் உருண்டது. பனியில அமைதியா இருக்கெண்டு சந்தோசப்பட்டன்.

றலிச்சைக்கிள்

அங்கதான் விசயம் கிடக்கு. பல்லுச்சக்கரம் ஏறி இருக்கிற பிறீஹப்புக்குள்ள நகம் மாதிரிச் சின்னத் துண்டுகள் மூண்டோ நாலோ இருக்கும். 'போல்' எண்டு சொல்லுவினம். மயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் அதுகளை வெளியில தள்ளிக்கொண்டு நிக்கும். மிதிக்கேக்க நகம் சுத்திவர இருக்கிற பல்வளையத்தில கொழுவிச் சில்லை இழுக்கும். மிதிக்காமல் விட்டால் பல்லுக்கு மேலால தாவித் தாவிப் போகும், அதுதான் அந்த டிக் டிக்.

குளிரில உள்ளுக்க கிடக்கிற கிறீஸ் மெழுகு மாதிரி இறுகினால், இல்லாட்டித் தண்ணி போய் ஐஸ் கட்டினால், நகம் மடங்கினபடியே ஒட்டிப்போகும். அந்தச் சின்ன ஸ்பிரிங்கால தள்ள ஏலாது. பிறகென்ன, பெடல் வெறுமனே சுத்தும். ஹீற்றர் போட்ட கடைக்குள்ள வச்சுப் பாத்தால் எப்பிடித் தெரியும்? அவன்ர பிழை எண்டும் முழுக்கச் சொல்லேலாது. குளிருக்கதான் வருது எண்டு சொல்லிக் குடுத்தனீரோ?

ஐப்பசி கார்த்திகையில அதுக்குள்ள ஏதும் கை வச்சனீரோ?

லில்லோமார்க்காக்காரன்

கடையில குளிரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லைத்தான்.

கை வச்சனான் அண்ணை. ஒக்டோபர்ச் சேத்துக்குள்ள ஓடிப்போட்டுக் கழட்டித் துடைச்சு, பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் தந்த கிறீஸ் நிறைய அப்பினன். அவர் போட் இழுக்கிற ட்ரெய்லர்ச் சில்லுக்குப் போடுறது. தண்ணியே போகாது எண்டார்.

அவசரம் (லண்டன்)

ஃபிளாஸ்க்கில சுடுதண்ணி கொண்டு போங்கோ. பிடிச்சால் ஊத்துங்கோ. விசயம் முடிஞ்சுது.

றலிச்சைக்கிள்

சுடுதண்ணி ஊத்தினால் பத்து நிமிசம் ஓடும். ஊத்தின தண்ணியும் உள்ளுக்க போய், பிறகு அதுவும் சேந்து உறையும். காட்டுக்குள்ள ஃபிளாஸ்க் இல்லாத ஆம்பிளையள் வேற ஒரு சுடுதண்ணியும் பாவிக்கிறவை. அதுக்கும் இதே பதில்தான்.

தம்பி, போட் கிறீஸ் நல்ல சாமான், ஆனால் பெயாரிங்குக்கு. நகத்துக்கு ஆகாது. கழட்டும். சில ஹப்பில, அதுதான் சில்லின்ர நடுக்குடத்தில, ஓரத்து மூடியைக் கையால இழுத்தாலே பிறீஹப் வந்திடும், சிலதுக்கு அலன் சாவி வேணும். ஷிமானோ கொம்பனி ஹப்பில கனக்க முழுசா மூடின மாதிரி, அப்பிடியெண்டால் பிறீஹப்பையே மாத்திறது சுகம். வெள்ளைத் துணி விரிச்சுப்போட்டுக் கழட்டும், ஸ்பிரிங் பறந்தால் கம்பளத்துக்க தேடேலாது. வைற் ஸ்பிரிற்றில பிறஷ் தோய்ச்சு நகத்தையும் பல்வளையத்தையும் பளிச்செண்டு கழுவிக் காயவிடும். பிறகு ஒவ்வொரு நகத்துக்கும் மெல்லிய ஓயில் ரெண்டு துளி காணும். பெயாரிங்கில இருக்கிற கிறீஸைத் தொடாதையும். ஓயில் கெதியாக் காயும், பனி முடியுமட்டும் மாசத்துக்கு ஒருக்கால் திறந்து பாக்க வேணும். பிறேக் தட்டில ஒரு சொட்டு ஓயிலும் படக்கூடாது.

ஊரில பிறீவீலை மண்ணெண்ணையில ஊறப்போட்டுக் கழுவிப்போட்டு ஓயில் விட்ட கைதான் இது. அங்க மண்ணெண்ணைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில அதுக்கும் வழியில்லை.

ஊலு ரமணி (பின்லாந்து)

அண்ணன் சொன்னது சரி. நானும் ஈரோட்டிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில் இதே மாதிரி நடுவழியில் நின்னேன். ரெண்டு விஷயம் சேர்த்துக்கறேன்.

பையில வயர் கட்டற பிளாஸ்டிக் டை நாலு வச்சுக்கோங்க. காட்டுக்குள்ள மறுபடி மாட்டினா பெரிய பல்சக்கரத்தைச் சில்லுக் கம்பியோட நாலு இடத்துல இறுக்கிக் கட்டிடுங்க. மிதிச்சா சக்கரம் சுத்தும். ஆனா மிதிக்கிறதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினா செயின் கியரைச் சுருட்டி இழுத்துடும். மெதுவா, மேடு பள்ளம் இல்லாத வழியா வீடு போய்ச் சேரலாம்.

அப்புறம், சில்லுன்னு இருக்கிற பைக்கை நேரா ஹாலுக்குள்ள கொண்டு வந்தா மேல எல்லாம் வேர்த்து ஊத்தும், உள்ளேயும்தான். அடுத்த நாள் அது காயாமலே வெளியே எடுத்தா உறையும். பிரஷர் தண்ணி அடிச்சுக் கழுவறதையும் விட்டுடுங்க. நான் பைக்கைக் குளிரான ஷெட்லயே விட்டுடறேன், டயர்ல பனியைத் துடைப்பத்தால தட்டறதோட சரி. டயர் காத்தையும் அங்கேயே பாருங்க. 20 டிகிரி வீட்டுக்குள்ள 1.5 பார் அழுத்தத்துக்குக் காத்து அடிச்சா, மைனஸ் 12ல சுமார் 1.2தான் இருக்கும்.

பழைய ஆள் (ஒஸ்லோ)

எல்லாம் சரி, மெஷின் போட்டு வரி இழுத்த ஸ்கீத் தடத்தில மட்டும் ஏறிப்போடாதையுங்கோ. நடக்கிறவை அதில போனாலே இங்க ஏச்சு விழும்.

லில்லோமார்க்காக்காரன்

ஓடுறது ஒற்றையடிப்பாதையில மட்டும்தான் அண்ணை.

சனிக்கிழமை கழட்டினன். மூடியை இழுக்க வந்திட்டுது. கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தது, தண்ணி கலந்திருக்கு. மூண்டு நகத்தில ஒண்டு முழுசாப் படுத்துக் கிடந்தது. மற்ற ரெண்டையும் விரலால அமத்தினால், வெளியில வரவே ரெண்டு செக்கன் எடுத்தது. ஒரு ஸ்பிரிங் பறந்துதான் போட்டுது, வெள்ளைத் துணி விரிச்சபடியால் கண்டுபிடிச்சன்.

கழுவி, ஓயில் விட்டுப் பூட்டி, ராத்திரி முழுக்கப் பல்கணியில வச்சன். விடிய மைனஸ் 13. பின்சில்லைத் தூக்கிச் சுத்திவிட, வெட்டுக்கிளி மாதிரிக் கத்துது. ஞாயிறு ரெண்டரை மணித்தியாலம் ஓடினன், ஒருக்காலும் வழுக்கேல்லை. புதுச் சில்லு வாங்கேல்லை.

மனிசிதான் கேக்கிறா, விடியக்காத்தால ஆறு மணிக்குப் பல்கணியில என்ன சத்தம் எண்டு.