கியர்ஸ் ஆஃப் வார் முதல் பாகம்: கணினியில் ஆடலாமா?

கேள்வி: கியர்ஸ் ஆஃப் வார் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கருவிக்கு வந்தது. 2007 கணினிப் பதிப்பின் பழைய டிவிடி இப்போது கைக்கு வந்திருக்கிறது. மவுஸ், கீபோர்டுக்குச் சரிப்படுமா?

பதில்: குறிவைக்க மவுஸ் சுகம். ஸ்பேஸ் பார்தான் தொல்லை. ஓட, உருள, சுவரோடு பதுங்க எல்லாம் அந்த ஒரே பட்டன். தப்பி ஓடலாம் என்று அழுத்தினால், நாம் ஆட்டுவிக்கும் நாயகன் மார்கஸ் பக்கத்துத் தூணில் போய் ஒட்டிக்கொள்வான். கடுப்பாகும்! ஆனால் கடைசிப் பகுதியில் கணினிக்கென்றே சேர்த்த அத்தியாயங்கள் உண்டு. எக்ஸ்பாக்ஸில் மோத வாய்ப்பே கிடைக்காத புருமாக் என்ற ராட்சத மிருகத்தை இங்கே நேருக்கு நேர் அடிக்கலாம். அதற்காகவே ஆடலாம்.

இன்னொருவர்: கூட்டாளிகளை ரொம்ப நம்பாதீர்கள். மார்கஸின் தோழன் டாம் தானாகவே குண்டுமழைக்கு நடுவில் போய் நிற்பான். அப்புறம், 2009 ஜனவரியில் இதன் மென்பொருள் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி விளையாட்டே திறக்காமல் போனது. முதலில் அப்டேட் போடுங்கள்.

கேட்டவர்: சரி, கேம்பேட்?

பதில்: எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வேலை செய்யும். தூண் தொல்லை அதிலும் உண்டு.